குயர் நோட்டில் வரும் 'குயர்': கயிறா, கணக்கா, மடிப்பா?

ஈத்தாமொழி

சபைக் கணக்கு எழுத நீள நோட்டு வாங்கணும். பழைய ரசீதில் '2 குயர், 12 எண்ணம்' என்று இருக்கிறது. ஒரு கடையில் 2 குயர் என்று கொடுத்ததில் 144 பக்கம். இன்னொரு கடையில் 192. ரெண்டு அண்ணாச்சியும் தங்கள் நோட்டுதான் சரியான குயர் என்கிறார்கள்.

கூடவே ஒரு சந்தேகம். குயர் என்பது நம்ம கயிறுதான், முன்னே தாளைக் கட்டுக்கட்டாகக் கயிறு போட்டுக் கட்டி விற்றதால் வந்த பேர் என்று ஊரில் சொல்லுதாவ. வெள்ளைக்காரன் நம்ம கயிறைத்தானே காயர் ஆக்கினான், இதுவும் அப்படித்தானா?

தாள்கணக்கு

192 சரி. ஒரு குயர் 24 முழுத்தாள். நீள நோட்டுக்கு வழக்கமான புல்ஸ்கேப் முழுத்தாள் 17 × 13½ அங்குலம். 17 அங்குலப் பக்கத்தை நடுவில் ஒருமுறை மடித்தால் 8½ × 13½ அளவில் 2 இலை, அதாவது 4 பக்கம். 24 × 4 = 96. இரண்டு குயர் 192, மூன்று குயர் 288, நான்கு குயர் 384.

144 பக்கம் என்றால் 36 தாள். ஒன்றரை குயர்தான் வருகிறது.

கோட்டாறு தையல்

கணக்கு அதுதான். ஆனால் கடையில் இன்றைக்கு '2 குயர்' என்பது தடிமனைக் குறிக்கும் பெயராகிவிட்டது, மெல்லிசு, நடுத்தரம், தடி என்பது மாதிரி. தாள் விலை ஏறும்போது நோட்டின் பேரை மாற்றாமல் உள்ளே இலையைக் குறைப்பது சுலபம். அட்டை அதே மில்போர்டு, முதுகில் அதே காலிகோ துணி, கையில் எடுத்தால் தெரியாது. அதனால் அட்டைமேல் இருக்கும் குயரைப் பார்க்காதீர்கள். பக்க எண்ணிக்கை எங்கே அச்சாகியிருக்கிறது, அதில் அட்டையின் உள்பக்கமும் இன்டெக்ஸ் தாளும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நோட்டில் அதையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள்.

சுவடிப்பித்து

கயிறு விஷயம்: காயர் நம்மிடமிருந்து போனது உண்மை. மலையாளத்தில் கயர், தமிழில் கயிறு, அங்கிருந்து போர்ச்சுகீசியர் வழியாக ஐரோப்பாவுக்குப் போயிற்று. குயர் அந்தக் குடும்பம் கிடையாது. லத்தீனில் 'குவாட்டர்னி' என்றால் நான்கு நான்காக. அதிலிருந்து பழைய பிரெஞ்சில் 'குவாயேர்', அங்கிருந்து ஆங்கிலத்தில் குயர். இன்றைய பிரெஞ்சில் பள்ளிக்கூட நோட்டுக்குச் சொல்லும் 'காயே' இதே சொல்லின் இன்னொரு கிளை. ஆக நோட்டு என்ற பொருள் வேரிலேயே இருக்கிறது.

நான்கு எதில்? தோல் தாள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஒரே மடிப்பு. 8 இலை, 16 பக்கம். இந்தச் சிறு கட்டுதான் முதல் குயர். அப்படிப் பல கட்டுகளை வரிசையாக வைத்து முதுகில் தைத்தால் புத்தகம். நான்காம் நூற்றாண்டின் சினாய் விவிலியச் சுவடியில் பெரும்பாலான கட்டுகள் இந்த நான்கு தாள் கட்டுதான். எல்லாரும் நான்கில் நிற்கவில்லை. வத்திக்கான் விவிலியச் சுவடி ஐந்து தாள் கட்டு. குட்டன்பர்க் அச்சிட்ட விவிலியத்திலும் பெரும்பாலும் ஐந்து. ஆனாலும் பேர் நான்கின் பேராகவே நின்றுவிட்டது.

சர்ச்சில் பாடுகிற கொயர் வேறு, அது கிரேக்கத்தில் 'கோரஸ்' வழியாக வந்தது. ஆனால் ஆங்கிலத்தில் ஒரு காலம் அதையும் காகிதக் குயரின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார்கள். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. நம்ம குமரி மாவட்டத்தில் கயிறும் உண்டு, பாடகர் குழுவும் உண்டு, நீள நோட்டும் உண்டு. குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஈத்தாமொழி

அப்போ நான்கு எப்படி 24 ஆச்சு? ஆறு மடங்கு ஏறியிருக்கே.

சுவடிப்பித்து

மடிப்பின் பேர் எண்ணிக்கையின் பேராக மாறியதால். ஐரோப்பாவில் காகித ஆலைகள் வந்தபின் தாளை மடிக்காமல் விரித்தோ, மொத்தமாக ஒரு மடிப்பு மடித்தோ விற்றார்கள். வாங்குகிறவனுக்கு ஒரு கட்டு வேண்டும், அதற்குப் பழகிய பேரை எடுத்துக்கொண்டார்கள். 24 ஏன் என்றால் வசதி. ரெண்டு டஜன். 2, 3, 4, 6, 8, 12 எதாலும் வகுபடும். நான்கு தாள் கட்டாக மடித்தால் ஆறு கட்டு மிச்சமில்லாமல் வரும்.

எல்லா ஊரிலும் 24 இல்லை. பிரான்சில் ஒரு கட்டு 25 தாள், அதன் பேர் 'மேன்', அதாவது கை. ஸ்பானியர்களும் 'மானோ', கை என்றே சொல்கிறார்கள். பாரசீகத்தில் கை 'தஸ்த்', அதிலிருந்து உருது, இந்தியில் 24 தாளுக்கு 'தஸ்தா'. கையால் ஒரு பிடி எடுத்து எண்ணிய வழக்கம் பேரில் தெரிகிறது. ஜெர்மானியர் இதையே 'புத்தகம்' என்றார்கள், எழுதும் தாளானால் 24, அச்சுத்தாளானால் 25.

தாள்கணக்கு

ரீமையும் சேர்த்துப் பார்த்தால்தான் இது முழுசாகும். 20 குயர் ஒரு ரீம். ரீம் அரபியில் 'ரிஸ்மா', மூட்டை. ஸ்பெயினில் 'ரெஸ்மா', பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு ரீம். காகிதம் அரபிகள் வழியாக ஸ்பெயினுக்குப் போன பாதையைப் பேரும் பின்தொடர்ந்திருக்கிறது.

24 × 20 = 480, பழைய ரீம். 25 × 20 = 500, இப்போதைய ரீம், சர்வதேசத் தரமும் 500தான். மூன்றாவதாக அச்சுக்காரர் ரீம் என்று 516 உண்டு. அது இருபத்தொன்றரை குயர். 500 நல்ல பிரதி வேண்டுமென்றால் மெஷினை நேர்செய்யும்போது கெடும் தாளுக்காக 16 கூடுதல், நூற்றுக்கு மூன்று சொச்சம்.

கயிறுக்கும் இதில் ஒரு இடம் உண்டு என்பதால் ஈத்தாமொழிக்கு ஒரு ஆறுதல். பழைய ஆலைகளில் ரீமைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். கயிறு அறுத்து மேல் குயரும் கீழ் குயரும் ஓரம் கெடும் என்பதால் அந்த இரண்டு இடத்திலும் ஏற்கெனவே பழுதான தாளை வைப்பார்கள். அதற்கே 'கயிற்றுக் குயர்' என்ற பொருளில் தனிப் பேர் இருந்தது. 480 என்று விலை கொடுத்தவனுக்கு முழு 480 நல்ல தாள் கிடைக்காது. வேண்டுமென்றால் 'உள் ரீம்' என்று கேட்டு அதிக விலை கொடுக்கணும்.

மார்த்தாண்டம் ஆஃப்செட்

சொல் வரலாறு கேட்க நல்லா இருக்கு. ஆனால் ரீமில் 480 இருக்கா 500 இருக்கா என்பது இன்றைக்கும் பணப் பிரச்சினை. பொட்டலத்தை எடை போட்டுப் பார்த்தால் போதாதா?

தாள்கணக்கு

போதாது. கணக்கு இது: டபுள் டெமி என்ற அச்சுத்தாள் 23 × 36 அங்குலம், சதுர மீட்டரில் 0.534. 60 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 60 கிராம், என்றால் ஒரு தாள் 32 கிராம். 500 தாள் 16 கிலோ, 480 தாள் 15.4 கிலோ. வித்தியாசம் அறுநூற்றுச் சொச்சம் கிராம், நூற்றுக்கு நான்கு.

இந்த நான்கை மறைக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தாளின் ஜி.எஸ்.எம். கொஞ்சம் ஏறியிருந்தால், 62½ ஜி.எஸ்.எம்.மில் 480 தாள் சரியாக 16 கிலோ நிற்கும். இரண்டாவது ஈரம். சாதாரண நாளில் தாளில் நூற்றுக்கு 5, 6 பங்கு ஈரம் இருக்கும். நம்ம ஊருக்கு ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. பிரித்து வைத்த தாள் அந்த நாளில் நூற்றுக்கு 3, 4 கூடுதலாகவே ஏற்றிக்கொள்ளும். குறைந்த 20 தாளின் எடையைத் தண்ணீர் ஈடுகட்டிவிடும். விரலால் விசிறிபோல் விரித்து ஐந்தைந்தாக எண்ணுவதைத் தவிர வழியில்லை.

ஏ4 பொட்டலத்தில் இந்தச் சிக்கல் குறைவு, ஆலையிலேயே சுற்றி வருகிறது. 75 ஜி.எஸ்.எம். 500 தாள் 2.34 கிலோ, உறையையும் சேர்த்தால் கொஞ்சம் மேலே.

மார்த்தாண்டம் ஆஃப்செட்

ஈரத்தில் எடையைவிடப் பெரிய தொந்தரவு ஓரம் அலைபோல் நெளிவது. அடுக்கின் நடுவில் ஈரம் ஏறாது, ஓரம் மட்டும் ஏறி நீளும். மெஷினில் தாளைக் கவ்வும் கிரிப்பர் பிடிக்கும்போது சுருக்கம் விழும். பொட்டலம் பிரிக்காமலே மெஷின் அறையில் ஒரு நாள் கிடக்கட்டும். பிரித்த மிச்சத்தைப் பாலிதீனில் சுற்றி, தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். குயர் கணக்கில் மிச்சம் வைக்கிறவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

கோட்டாறு தையல்

நான்கு தாள் ஏன் என்று யாரும் சொல்லலையே. பைண்டிங் மேசையில் பார்த்தால் உடனே தெரியும்.

தாளை அடுக்கி மடித்தால் உள்தாள் வெளியே துருத்தும். வெளித்தாள் உள்ளே இருக்கிற எல்லாத் தாளையும் சுற்றி வளைய வேண்டியிருப்பதால் அதன் நீளம் மடிப்பிலேயே செலவாகிறது. 60 ஜி.எஸ்.எம். தாளின் தடிமன் ஏறத்தாழ 0.08 மி.மீ. நான்கு தாளில் துருத்தல் 0.3 மி.மீ., கண்ணுக்குத் தெரியாது. 24 தாளை ஒரே கட்டாக மடித்தால் 2 மி.மீ. அதை வெட்டிச் சமன் செய்தால் நடுத்தாளில் ஓரம் 2 மி.மீ. குறையும். மார்ஜின் கோடு அச்சான தாளில் இது நன்றாகத் தெரியும், முதல் பக்கத்திலும் நடுப்பக்கத்திலும் கோட்டுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். தோல் தாள் இதைவிடப் பல மடங்கு தடிப்பு. நான்கு, ஐந்துக்கு மேல் போனால் மடிப்பு சரியாகப் படியாது.

சுவடிப்பித்து

இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 200-ஐச் சேர்ந்த பவுல் நிருபங்களின் பப்பைரஸ் சுவடி ஒன்று 52 தாளையும் ஒரே கட்டாக மடித்தது, 104 இலை. ஆய்வாளர்கள் அதைப் பி46 என்பார்கள். நடுப்பகுதி இலைகள் அகலம் குறைந்தவை. இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே கட்டென்றால் எழுதத் தொடங்குமுன் மொத்தம் எத்தனை தாள் என்று முடிவுசெய்ய வேண்டும். பி46 எழுதியவர் பிற்பாதியில் வரிகளை நெருக்கியிருக்கிறார். சிறு கட்டாக இருந்தால் வேண்டும்போது இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்.

நம்ம ஓலைச்சுவடிக்கு இந்தப் பிரச்சினையே கிடையாது. ஓலையை மடித்தால் ஒடியும். துளையிட்டுக் கயிற்றில் கோத்த தனித்தனி ஏடு, எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் பழைய ஆவண ஓலைகளை எடுத்துப் பார்த்தால் கட்டு உண்டு, மடிப்பு இல்லை. கயிறுக் கதை நம்மிடம் எடுபட்டதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

பாலமோர் சாலை

தலைப்பில் 'மடிப்பா' என்று போட்டிருப்பதால் கேட்கிறேன். பதிப்பகத்தார் 'பத்து ஃபாரம் புத்தகம்' என்கிறார்களே, அந்த ஃபாரமும் குயரும் ஒன்றுதானா?

மார்த்தாண்டம் ஆஃப்செட்

முடிவு ஒன்று, வழி வேறு. டெமி 1/8 புத்தகத்தில் ஒரு ஃபாரம் 16 பக்கம். டெமி முழுத்தாள் 18 × 23 அங்குலம், அதை மூன்று முறை மடித்தால் 8 இலை. பழைய குயரிலும் 8 இலைதான், ஆனால் நான்கு தாளை ஒருமுறை மடித்தது. இதில் ஒரே தாளை மூன்றுமுறை மடிக்கிறோம், பிறகு தலைப்பக்கமும் ஓரமும் வெட்டித் திறக்கிறோம்.

லெட்டர்பிரஸ் காலப் புத்தகம், அதாவது எழுத்து கோத்து அச்சிட்டது, கையில் இருந்தால் 17, 33, 49, 65-ஆம் பக்கங்களின் அடியைப் பாருங்கள். புத்தகப் பேரின் முதலெழுத்தும் 2, 3, 4, 5 என்று எண்ணும் சின்னதாக இருக்கும். பைண்டருக்கு ஃபாரம் வரிசை தெரிவதற்காக. ஃபாரம் மாறித் தைத்துவிட்டால் 32-க்கு அடுத்து 49 வரும், பிரித்துத்தான் தைக்கணும்.

160 பக்கம், 1000 பிரதி என்றால்: 10 ஃபாரம் × 1000 = 10,000 டெமி தாள். டபுள் டெமியில் 5,000, அதாவது 500 கணக்கில் 10 ரீம். கழிவுக்கு நூற்றுக்கு 5 சேர்த்து பத்தரை ரீம் வாங்குங்கள். கடைக்காரர் 480 ரீம் கொடுத்தால் பத்தரை ரீமில் 5,040 தாள்தான், கழிவுக்கு 40 தாள்தான் மிச்சம். கடைசி ஃபாரத்தில் பிரதி குறையும்.

சுவடிப்பித்து

16 பக்கம் என்றதும் ஒன்று. 1578 அக்டோபர் 20-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் மொத்தம் 16 பக்கம். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சானவற்றில் நமக்குக் கிடைத்திருப்பதில் அதுதான் முந்தியது, ஒரே பிரதி ஹார்வர்டில் இருக்கிறது. 8 இலை. ஆனால் பக்க எண்ணிக்கையை மட்டும் வைத்து எப்படி மடித்தது என்று சொல்லிவிடக் கூடாது. கையால் செய்த தாளில் சல்லடைக் கம்பியின் தடம், ஓர் அங்குலம் சுமார் இடைவெளியில், வெளிச்சத்தில் தெரியும். ஒரு மடிப்பானால் தடம் நெட்டுக்குத்தாக நிற்கும், இரண்டு மடிப்பானால் படுக்கையாகும், மூன்று மடிப்பில் மறுபடி நெட்டுக்குத்து. நீர்க்குறி இருந்தால் அது எந்த இடத்தில் வெட்டுப்படுகிறது என்றும் பார்க்கலாம்.

நாகர்கோவிலில் 1820-ஐ ஒட்டி மிஷனரி சார்லஸ் மீட் தொடங்கிய மிஷன் அச்சகம்தான் திருவிதாங்கூரின் முதல் அச்சகம் என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. குயர், ரீம், ஃபாரம் எல்லாம் இந்தப் பக்கம் புழங்கத் தொடங்கியது மிஷன் அச்சகங்கள் வழியாகத்தான் இருக்கும்.

கோட்டாறு தையல்

மேசையில் எல்லாம் அச்சகம் வழியாக வரவில்லை. தைக்கிற கட்டுக்கு நாங்கள் சொல்வது 'ஜுஸ்', ஜுஸ் தையல். அரபியில் பகுதி. குர்ஆனை முப்பது ஜுஸாகப் பிரிப்பார்களே, அதே சொல். உருது பைண்டர்கள் கட்டுக்கட்டாகத் தைப்பதை 'ஜுஸ்பந்தி' என்பார்கள். ஆக, கடையில் குயர் என்றால் எண்ணிக்கை, மேசையில் பழைய குயரின் வேலையை ஜுஸ் செய்கிறது.

ஈத்தாமொழி

நல்லா விளங்கிச்சு. 192 பக்க நோட்டைத் தைத்தே வாங்கலாம் என்று பார்க்கிறோம். எத்தனை ஜுஸ், என்ன சொல்லிக் கொடுக்கணும்?

கோட்டாறு தையல்

192 பக்கம் 48 தாள். நான்கு தாள் வைத்து 12 ஜுஸ், ஆறு வைத்து 8, எட்டு வைத்து 6. மெல்லிய தாளுக்கு நான்கு தாள் ஜுஸ் வேண்டாம். ஒவ்வொரு ஜுஸுக்கும் நடுவில் ஒரு நூல் ஓடும். 0.4 மி.மீ. நூலில் 12 ஜுஸ் என்றால் முதுகில் மட்டும் ஏறத்தாழ 5 மி.மீ. கூடும். தாளின் மொத்தத் தடிமனே 8 மி.மீ.க்குக் கீழேதான். அழுத்தினால் கொஞ்சம் அமுங்கும், ஆனாலும் நோட்டு ஆப்பு வடிவில் நிற்கும், அட்டை வாய் திறந்தே இருக்கும். 60 ஜி.எஸ்.எம்.முக்கு ஆறு தாள், 8 ஜுஸ் எடுப்பு. 80, 90 ஜி.எஸ்.எம். லெட்ஜர் தாளானால் நான்கே சரி.

தைக்குமுன் தாளின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். தாளைக் கிழித்தால் இழையோடு நேராகக் கிழியும், குறுக்கே கோணும். இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். அதாவது 13½ அங்குலப் பக்கத்துக்கு இணையாக. குறுக்கே ஓடினால் மடிப்பு வெடிக்கும், எழுதும்போது பக்கம் படியாமல் எழும்பும், மழைக்காலத்தில் முதுகு சுருங்கி நெளியும். விலை குறைந்த நோட்டுகளில் பாதிக் குறை இதுதான்.

எலும்புத் தகட்டால் மடிப்பைத் தேய்த்து, ஒரு ராத்திரி பாரத்தில் வைத்த பிறகே துளை. மூன்று நாடா, இரு முனையிலும் ஓரத்திலிருந்து 12 மி.மீ. உள்ளே முடிச்சுத் துளை. நூலில் தேன்மெழுகு தேய்த்தால் ஈரம் ஏறாது, தாளையும் அறுக்காது. இரும்புப் பின் அடித்த நோட்டு நம்ம கடல்காற்றில் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும், பதிவேட்டுக்கு அது ஆகாது.

பசை: மைதா ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு சிறு தீயில் பளபளப்பு வரும்வரை கிண்டணும். பூச்சிக்கு மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம், தாளையும் காலப்போக்கில் பழுப்பாக்கும். வருஷக்கணக்கில் வைக்கும் பதிவேட்டுக்குத் துத்தம் இல்லாத புதுப் பசையை, கிண்டிய இரண்டு நாளுக்குள் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

தாள்கணக்கு

ஆர்டரில் குயர் என்ற சொல்லையே எழுதாதீங்க. இப்படி எழுதுங்க: 'நீள நோட்டு, வெட்டியபின் 13 × 8 அங்குலம், கோடு போட்டது, 70 ஜி.எஸ்.எம்., எழுதும் பக்கம் 192, அட்டையும் இன்டெக்ஸும் நீங்கலாக, 6 தாள் ஜுஸ் 8, நாடாத் தையல், 12 எண்ணம்.' தாள் கணக்கு: 48 × 12 = 576 புல்ஸ்கேப் தாள். அதாவது 24 குயர். ஒரு 500 ரீமும் இன்னும் 76 தாளும். கெடுவதற்கு 20 சேர்த்து 600 தாளுக்கு விலை கேளுங்க.

கோட்டாறு தையல்

70 போடுவதானால் ஆறு தாள் ஜுஸ் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். ஐந்து வைத்தால் 48 வகுபடாது. ஆறிலேயே இருக்கட்டும், பாரத்தில் இரண்டு ராத்திரி வைக்கச் சொல்லுங்கள்.

ஈத்தாமொழி

சரி அண்ணே, அப்படியே எழுதிக் கொடுக்கேன். 12-இல் ஒன்று மட்டும் ஞானஸ்நானப் பதிவேடு, அதுக்கு 90 ஜி.எஸ்.எம்., நான்கு தாள் ஜுஸ் என்று தனியாக எழுதுகிறேன்.